ஆனைக்கொரு காலம், பூனைக்கொரு காலம்

(மணலி புதுநகரில் நடந்த பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பல அலுவல்களுக்கிடையே நேரம் ஒதுக்கி வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மாமன்ற உறுப்பினர் அவர்களே, மீஞ்சூரிலிருந்தும் பொன்னேரியிலிருந்தும் வந்திருக்கும் வணிகர் சங்கப் பெருமக்களே, பள்ளி மைதானத்தையும் நாற்காலிகளையும் தந்துதவிய தலைமையாசிரியை அவர்களே, தாய்மார்களே, உங்கள் அனைவருக்கும் என் வணக்கம். எனக்குப் பொன்னாடை போர்த்திய ஆட்டோ ஓட்டுநர் தோழர்களுக்குத் தனியே நன்றி சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன், இந்த டி.பி.பி. (திருவொற்றியூர்-பொன்னேரி-பஞ்செட்டி) சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே நம் பிள்ளைகளைப் பள்ளிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பவர்கள் அவர்கள்தாம்.

சாலையின் தாங்குதிறன், மாற்றுவழி, நேரம் ஆகிய மூன்றைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். ‘ஆனைக்கொரு காலம் வந்தால் பூனைக்கொரு காலம் வரும்’ என்று என் பாட்டி அடிக்கடி சொல்வார். ஆனையும் பூனையும் ஒரே நேரத்தில் ஒரே தெருவில் நடந்தால் நசுங்குவது எது என்பதை நாம் அறிவோம். இங்கே கனரக லாரிதான் ஆனை, பள்ளிக்குப் போகும் பிள்ளைதான் பூனை. ஆகவே ஆளுக்கொரு காலத்தைப் பிரித்துக் கொடுங்கள் என்பதே என் கோரிக்கை.

திருவொற்றியூரிலிருந்து பொன்னேரி வழியாகப் பஞ்செட்டி செல்லும் இந்தச் சாலை ஊர்களை இணைக்கும் சாலை. எண்ணூர்த் துறைமுகம் 2001-இல் செயல்படத் தொடங்கியது. பிறகு காட்டுப்பள்ளித் துறைமுகமும் வந்தது. அவற்றின் லாரிகளோடு அனல்மின் நிலையங்களின் சாம்பல் லாரிகளும் இந்தச் சாலையில் சேர்ந்துகொண்டன. 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் லாரிகளை ஓயாமல் ஓட்டிப் பார்த்துப் பொறியாளர்கள் கண்ட கணக்கு ஒன்று உண்டு: சக்கரங்களை இணைக்கும் அச்சின் மேலுள்ள எடை 2 மடங்கானால், சாலைக்கு நேரும் சேதம் ஏறத்தாழ 16 மடங்காகும். 2018-இல் மத்திய அரசு, நான்கு டயர் கொண்ட ஓர் அச்சுக்கான அனுமதி எடையை 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்த்தியது. எடை எட்டில் ஒரு பங்குதான் கூடியது. ஆனால் அதே கணக்கின்படி, அந்த அச்சு ஒவ்வொரு முறை கடக்கும்போதும் நேரும் சேதம் ஒன்றரை மடங்கைத் தாண்டிவிடுகிறது. அனுமதித்த எடைக்கே இந்த நிலை. அதற்கும் மேல் ஏற்றி வரும் வண்டிகளின் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

சென்ற ஆண்டு ஒரு காலை எட்டரை மணிக்கு மீஞ்சூர்க் கடைத்தெருத் திருப்பத்தில் நின்றுகொண்டிருந்தேன். டிரெய்லர் திரும்பும்போது முன்பகுதி அகலமாகச் சுற்றிப் போகும். பின்சக்கரங்களோ உள்வாங்கிக் குறுக்கே வரும். அன்று அப்படித்தான் பின்சக்கரம் நடைபாதைமேல் ஏறி, அங்கே இட்லி விற்றுக்கொண்டிருந்த ஓர் அம்மாளின் சட்னித் தூக்கையும் மாவுக் குண்டானையும் நசுக்கிவிட்டது. இரண்டு நிமிடங்களுக்கு முன்புவரை அந்த இடத்தில் சீருடையணிந்த இரண்டு சிறுமிகள் இட்லி வாங்கிக்கொண்டு நின்றிருந்தார்கள். கூட்டம் சேர்ந்தது, ஓட்டுநரைக் கீழே இழுத்துப் போட்டு அடிக்கக் கை ஓங்கினார்கள். இருபத்தைந்து வயதுகூட நிரம்பாத பிள்ளை, கண்கள் சிவந்திருந்தன. “மூணு நாளா துறைமுக வரிசையில நிக்கிறேன், தூங்கலம்மா” என்றான். அந்த அம்மாள் இரண்டு கைகளையும் விரித்து அவனுக்கு முன்னால் நின்றுவிட்டார். சட்டியில் மிஞ்சியிருந்த நான்கு இட்லிகளை இலையில் வைத்து, சட்னி இல்லாமலேயே, அவன் கையில் கொடுத்தார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: “இவன இன்னாத்துக்கு சார் அடிக்கணும்? புள்ளைங்க இஸ்கூலுக்குப் போற நேரத்துல இந்த வழியா வண்டிய வுட்டவன் யாரு, அவனப் போய்க் கேளு.” அன்றிலிருந்து அந்தக் கேள்வியைத்தான் அலுவலகம் அலுவலகமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

மாற்றுவழி என்றேன். வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை 62 கிலோமீட்டர் வெளிவட்டச் சாலை இருக்கிறது. சரக்கைத் தண்டவாளத்தில் ஏற்றும் வாய்ப்பும் இருக்கிறது. அவற்றை விரித்துப் பேச வேறொரு மேடை வேண்டும். புதிய சாலை வரும்வரை பிள்ளைகள் பள்ளிக்குப் போகாமல் இருக்க முடியாது என்பதால் நேரத்துக்கு வருகிறேன்.

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 115-ஆவது பிரிவு, பொதுமக்களின் பாதுகாப்பைக் கருதி ஒரு குறிப்பிட்ட சாலையில் குறிப்பிட்ட வகை வண்டிகளைத் தடுக்கவோ கட்டுப்படுத்தவோ மாநில அரசுக்கு அதிகாரம் தருகிறது. மாநகரின் முக்கியச் சாலைகளில் கனரக வாகனங்களுக்கு நேரக் கட்டுப்பாடு நடைமுறையில் இருக்கிறது. அண்ணா சாலைப் பிள்ளைக்குக் கிடைக்கும் பாதுகாப்பு இந்தச் சாலையிலுள்ள நாப்பாளையத்துப் பிள்ளைக்கு ஏன் கிடைக்கக்கூடாது? ஆனைக்கொரு காலம், பூனைக்கொரு காலம்: காலை ஏழரை முதல் ஒன்பதரை வரை, மாலை மூன்றரை முதல் ஐந்தரை வரை, இந்த நான்கு மணி நேரம் பூனையின் காலமாக இருக்கட்டும். மீதி இருபது மணி நேரத்தை ஆனை எடுத்துக்கொள்ளட்டும்.

இது நடக்காது என்று சொல்பவர்களுக்கு ராயபுரத்தை நினைவூட்டுகிறேன். சென்னைத் துறைமுகத்தின் நிலக்கரித் தூசி வீட்டுக்குள் படிகிறது என்று அந்த மக்கள் ஆண்டுக்கணக்கில் முறையிட்டார்கள். உயர்நீதிமன்றம் தலையிட்டு, 2011-இல் அங்கே நிலக்கரியைக் கையாள்வது நின்றது. அந்தக் கரி எண்ணூருக்கு, நம் பக்கம்தான் வந்தது என்பதையும் மறக்க வேண்டாம்.

மாவட்ட ஆட்சியருக்கான மனு வாசலருகே மேசைமேல் இருக்கிறது. தாய்மார்கள் முதலில் கையெழுத்திடுங்கள். லாரி ஓட்டுநர்களுக்கென்று தனித் தாள் ஒன்றும் வைத்திருக்கிறோம். தமிழிலும் இந்தியிலும் எழுதிய அந்தத் தாளில் இதுவரை பதினோரு பேர் கையெழுத்திட்டிருக்கிறார்கள்.