எஃப் எட்டா, எஃப் ஐந்தா?

நேயர்களுக்கு வணக்கம்.

குழிக் கண்ணாடியால் ஒளியைக் குவிக்கும் தொலைநோக்கியை வீட்டிலேயே செய்யலாம் என்று கிளம்புகிறவர்கள் முதலில் கேட்பது, “எவ்வளவு பெரிய கண்ணாடி போடலாம்?” என்றுதான். நான் திருப்பிக் கேட்பது, “எஃப் எண் என்ன?” என்று. கண்ணாடியின் குவியத் தூரத்தை அதன் விட்டத்தால் வகுத்தால் வருவது அது. 150 மில்லிமீட்டர் விட்டம், 1200 மில்லிமீட்டர் குவியத் தூரம் என்றால் எஃப் 8. இந்த ஒரு எண்ணை முடிவு செய்தால் தேய்க்கிற பாடு, குழாயின் நீளம், குவிந்து வரும் ஒளியைப் பக்கவாட்டில் திருப்பிவிடும் துணைக் கண்ணாடியின் அளவு எல்லாம் அதன் பின்னாலேயே வந்துவிடும்.

இரண்டு வட்டக் கண்ணாடிகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து, நடுவே கார்போரண்டம் என்கிற கடினமான தேய்ப்புப் பொடியும் தண்ணீரும் விட்டுத் தேய்த்தால், மேலே இருப்பது தானாகக் குழியும். அந்தக் குழி கோளத்தின் ஒரு துண்டு. நமக்கு வேண்டியதோ விண்மீனின் ஒளியை ஒரே புள்ளியில் குவிக்கும் பரவளையம். இரண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்று பாருங்கள். நான் சொன்ன எஃப் 8 கண்ணாடியின் ஓரத்தில் அது 0.3 மைக்ரான்கூட வராது. கோளமாகவே விட்டுவிட்டு, ஃபோகஸைக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டாலும், ஒளியின் அலைநீளத்தில் கால் பங்கு வரை பிழை இருக்கலாம் என்கிற பழைய வரம்பை ஒட்டித்தான் பிழை நிற்கும். 200 மில்லிமீட்டர் எஃப் 5 கண்ணாடியில் அதே வித்தியாசம் 1.5 மைக்ரானைத் தாண்டிவிடுகிறது. ஐந்து மடங்குக்கும் மேல்! பிரெஞ்சு இயற்பியலாளர் ஃபூக்கோ 1858-இல் சொல்லிக்கொடுத்த, கண்ணாடியின் வடிவப் பிழையைக் காட்டும் கத்திமுனைச் சோதனையை வைத்துக்கொண்டு, மெருகேற்றுவதும் அளப்பதுமாக எத்தனையோ இரவுகள் போகும்.

எஃப் எண் குறைந்தால் கோமா என்கிற குறையும் வந்து சேரும். பார்வைப் புலத்தின் ஓரத்தில் விண்மீன்களுக்கு வால் முளைக்கும். கோமா தொந்தரவு செய்யாத வட்டத்தின் விட்டம் எஃப் எண்ணின் மும்மடிக்கு ஏற்ப மாறுவது. எஃப் 8-இலிருந்து எஃப் 4-க்கு இறங்கினால் அது எட்டில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். கண்ணாடிகளை நேர்ப்படுத்துவதிலும் அந்த அளவுக்கே கறாராக இருக்கவேண்டும்.

சரி, துணைக் கண்ணாடி. அது ஒளியை மறைக்கிறதே என்று கவலைப்படுகிறவர்கள் அதிகம். விட்டத்தில் கால் பங்கு என்றாலும் பரப்பில் ஆறு சதவீதம்தான் போகிறது; கண்ணுக்குத் தெரியாது. தொல்லை வேறு இடத்தில் இருக்கிறது. தடையே இல்லாத கண்ணாடியில் ஒரு விண்மீனின் ஒளியில் ஏறத்தாழ 84 சதவீதம் நடு வட்டத்தில் சேரும். கால் பங்குத் தடையோடு அது 73 ஆகிறது, மீதி சுற்றியுள்ள வளையங்களுக்குப் போகிறது. வியாழனின் பட்டைகள் லேசாகச் சோபை இழப்பது அதனால்தான். ஐந்தில் ஒரு பங்குக்குக் கீழே இருந்தால் இதைப் பற்றி நான் கவலைப்படுவதே இல்லை. எஃப் 8-இல் அந்த அளவு சுலபமாகக் கிடைக்கும். கண்ணருகே இருக்கும் லென்ஸான ஐபீஸைத் தாங்கும் ஃபோகஸரை உயரம் குறைவாக அமைத்தால் இன்னும் நல்லது. துணைக் கண்ணாடி சின்னதானால் புலத்தின் ஓரம் மங்கும்; கேமரா மாட்டுகிறவர்களுக்குப் புலம் முழுக்க ஒரே வெளிச்சம் வேண்டும். நமக்கு வேண்டாம், ஓரத்தில் 30 சதவீதம் மங்கினாலும் கண் கண்டுகொள்ளாது. ஆகவே துணைக் கண்ணாடியைத் துணிந்து சின்னதாக்கலாம்.

அப்படியானால் எஃப் 5 எதற்கு? பரந்த புலத்துக்கு. 35 மில்லிமீட்டர் ஐபீஸ் போட்டால் 7 மில்லிமீட்டர் அகலத்தில் ஒளிக்கற்றை வெளியே வரும். இருட்டில் நன்றாக விரிந்த இளங்கண்ணின் பாவை ஏறக்குறைய அவ்வளவுதான். குழாயும் குட்டை. கார்த்திகைக் கூட்டத்தை முழுதாகப் பார்க்க அதற்கு நிகரில்லை.

என்னுடைய இரண்டாவது கண்ணாடி அந்த 200 மில்லிமீட்டர் எஃப் 5 தான். அவசரத்தில் மெருகேற்றி ஓரத்தைச் சரியவிட்டேன். சனியின் விளிம்பில் எப்போதும் ஒரு புகை. கடைசியில் கறுப்பு அட்டையில் வளையம் வெட்டி, சுற்றிலும் ஆறு மில்லிமீட்டர் மறைத்தேன். 200 என்பது 188 ஆனது. அன்றிரவே சனியின் வளையங்களுக்கு நடுவே உள்ள காசினி இடைவெளி பளிச்சென்று தெரிந்தது. அந்த அட்டை இன்னும் அதிலேயே இருக்கிறது.