மத்தியான மின்சாரமும் இரவு மின்சாரமும்

வணக்கம் நேயர்களே. கூரையில் சோலார் போடலாமா, போட்டால் பற்றரியும் சேர்த்து வாங்க வேண்டுமா என்று இப்போது பலர் கேட்கிறார்கள். நான் மின் பொறியியல் படித்தவன் என்பதால் கல்யாண வீட்டில்கூட இந்தக் கேள்வியிலிருந்து எனக்குத் தப்பில்லை. எங்கள் இலங்கையில் இதற்கு 2016இல் சொல்லக்கூடிய பதில் வேறு, இன்றைக்குச் சொல்ல வேண்டிய பதில் வேறு. அது ஏன் மாறியது என்று தெரிந்தால் உங்கள் வீட்டுக் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம்.

2016 செப்டம்பரில் கூரை சோலாருக்கென்று 'சூரிய பல சங்கிராமய' என்ற அரசாங்கத் திட்டம் வந்தது. அதில் மூன்று வழிகள் இருந்தன. நெற் மீற்றரிங் என்றால் காசு கிடையாது. நீங்கள் கொடுத்த மின் அலகுகளை (யூனிற்) வாங்கிய அலகுகளில் கழிப்பார்கள், மிச்சம் அடுத்த மாதத்துக்குப் போகும். நெற் அக்கவுண்டிங்கில் மிச்சத்துக்குக் காசு தருவார்கள். நெற் பிளஸ் என்றால் கூரையில் விளைவது முழுவதையும் மின்சார சபைக்கு விற்றுவிட்டு, வீட்டுப் பாவனைக்கு வழமைபோல பில் கட்டுவது. விற்கும் அலகு ஒன்றுக்கு முதல் ஏழு வருடம் 22 ரூபா, அதன்பின் இருபதாவது வருடம் வரை 15 ரூபா 50 சதம் என்று ஒப்பந்தம். பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு, 2022 கடைசியில், புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு 37 ரூபா கிடைத்தது. பிறகு அது 27 ஆனது. 2025இல் 5 கிலோவாட்டுக்கு உட்பட்ட சிறிய கூரைகளுக்கு 20 ரூபா 90 சதம் என்று இறங்கியது.

நல்ல வெயிலில் ஒரு கிலோவாட் பனல் நாளொன்றுக்கு ஏறத்தாழ நான்கு அலகு தரும். 5 கிலோவாட் போட்டவருக்கு மாதம் 600 அலகு என்று வைத்துக்கொள்ளுங்கள். அத்தனையையும் விற்றால் 37 ரூபா விலையில் 22,200 ரூபா. 20 ரூபா 90 சதத்தில் 12,540 ரூபா. அதே கூரை, அதே வெயில், வருமானம் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான்.

ஏன் இப்படி இறங்கியது? பனல்களின் விலை குறைந்தது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம் நேரம். மாம்பழக் காலத்தில் ஊர் முழுக்க ஒரே காலையில் மாம்பழத்தை எங்கள் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்குக் கொண்டுபோனால் என்ன நடக்குமோ, அதுதான் பகல் பன்னிரண்டு மணிக்கு மின்கம்பியில் நடக்கிறது. கூரைகளின் மொத்தக் கொள்ளளவு ஆயிரம் மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. எல்லாக் கூரையும் ஒரே நேரத்தில் விளைவிக்கிறது. பழைய ஒப்பந்தங்களில் இன்னொரு குறையும் உண்டு. நெற் மீற்றரிங்கிலும் அக்கவுண்டிங்கிலும் மாதக் கடைசியில்தான் கழிக்கிறார்கள். ஆகவே கிணற்று மோட்டரை மத்தியானம் போட்டாலும் இரவு எட்டு மணிக்குப் போட்டாலும் வீட்டுக்காரருக்கு ஒரே கணக்குத்தான். பகலில் பாவியுங்கள் என்று சொல்ல அந்த ஒப்பந்தத்தில் எந்த ஊக்கமும் இல்லை. மக்களைக் குறை சொல்ல முடியாது.

2025 பெப்ரவரி 9, ஒரு ஞாயிற்றுக்கிழமை. பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு கைவைத்தது, முழு நாடும் இருண்டது. குரங்கை வைத்து எவ்வளவோ பகிடி வந்தது. ஆனால் வழமையாக இப்படி ஒரு கோளாறு அந்த இடத்தோடு நின்றுவிட வேண்டும். அன்று விடுமுறை, பாவனை குறைவு, வெயில் அதிகம், விநியோகத்தில் பெரும் பங்கு சூரிய மின்சாரம். நீரிலும் நிலக்கரியிலும் சுழலும் பெரிய யந்திரங்களுக்குக் கனம் உண்டு. ஏதாவது அதிர்ச்சி வந்தால் அந்தச் சுழற்சியின் கனமே சில விநாடிகள் தாங்கிப் பிடிக்கும். பனலில் சுழல்வது எதுவும் இல்லை. கம்பியில் மின்சாரம் துடிக்கும் வேகம், அதாவது அதிர்வெண், இறங்கியதும், பனலின் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் சாதாரண இன்வேட்டர்கள் தங்களைப் பாதுகாக்கக் கழன்றுகொள்ளும், இறக்கம் இன்னும் வேகமாகும். நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையத்தின் மூன்று யந்திரங்களும் நின்றன. அவை திரும்பி வரும்வரை சில நாட்கள் சுழற்சி முறையில் மின்வெட்டு.

அடுத்த இரண்டு மாதத்தில் சித்திரைப் புத்தாண்டு. யாழ்ப்பாணத்துக்கு நேர் உச்சியில் சூரியன் வருவது சரியாக அந்த நாட்களில்தான். கந்தோரும் தொழிற்சாலையும் பூட்டு. விளைச்சல் உச்சம், வாங்க ஆளில்லை. பகல் 3 மணிவரை கூரை சோலாரை நிறுத்தி வையுங்கள் என்று மின்சார சபை வேண்டுகோள் விடுத்தது. வங்கிக் கடனில் பனல் போட்டவருக்கு இதைக் கேட்க எப்படி இருந்திருக்கும்!

சரி, இனிப் பற்றரிக்கு வருவோம். பின்னேரம் ஆறரைக்கு வெயில் இல்லை, ஆனால் நாடு முழுக்க விளக்கும் காற்றாடியும் சோறு வேகும் குக்கரும் ஓடுகின்றன. அந்த நேரத்துக்கு எண்ணெய் எரித்து மின்சாரம் எடுப்பது செலவான வேலை. அதனால்தான் 2025இல் ஒரு புதிய விலை வந்தது. பகலில் பற்றரியில் சேமித்ததை மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை கம்பிக்குக் கொடுத்தால் அலகுக்கு 45 ரூபா 80 சதம். பகல் விலையைவிட இரண்டு மடங்குக்கும் மேல். என் பார்வையில் பல வருடத்துக்குப் பின் இந்தத் துறையில் வந்த புத்தியான முடிவு இது.

ஆனால் விளம்பரத்தைப் பார்த்து ஓட வேண்டாம், கணக்குப் பாருங்கள். பற்றரிக்குள் ஒன்பது அலகு போட்டால் ஏறத்தாழ எட்டுத்தான் திரும்ப வரும். 2025இன் விலையில் எட்டு அலகை இரவில் விற்றால் 366 ரூபா 40 சதம். அந்த ஒன்பதைப் பகலிலேயே விற்றிருந்தால் 188 ரூபா 10 சதம். ஆகப் பற்றரி உழைத்துத் தருவது ஒரு நாளைக்கு 178 ரூபா, மாதம் 5,300 சொச்சம். பத்து வருடம் ஒரு நாளும் பிசகாமல் ஓடினாலும் ஆறு இலட்சத்து ஐம்பதாயிரம் அளவில். மழை நாட்களும் பற்றரியின் தேய்மானமும் வட்டியும் இதற்குள் இல்லை. பற்றரிக்கும், பனலையும் பற்றரியையும் சேர்த்து ஓட்டும் ஹைபிரிட் இன்வேட்டருக்கும் உங்களிடம் கேட்கும் விலை அந்தத் தொகைக்கு நன்றாகக் கீழே இருந்தால் யோசியுங்கள், இல்லாவிட்டால் விடுங்கள். பழைய நெற் மீற்றரிங் ஒப்பந்தம் வைத்திருப்பவருக்கு இந்தத் தலையிடியே தேவையில்லை. மத்தியானம் கொடுத்த அலகை இரவு அப்படியே திரும்ப எடுக்கிறார், மின்கம்பிதான் அவருடைய பற்றரி.

காசுக்கு அப்பால் ஒரு காரணமும் உண்டு. 2022இல் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாமல் இருந்தபோது, கூரை நிறையப் பனல் வைத்திருந்தவர்களும் இருட்டில்தான் இருந்தார்கள். பலருக்கு அப்போதுதான் விஷயம் தெரிந்தது. கம்பியில் மின் இல்லாவிட்டால் சாதாரண இன்வேட்டர் தானாக நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை செய்யும் ஊழியரின் உயிருக்காக அந்த ஏற்பாடு. மின்வெட்டிலும் வீடு ஓட வேண்டுமென்றால் வீட்டைக் கம்பியிலிருந்து பிரித்து ஓட்டக்கூடிய இன்வேட்டரும் பற்றரியும் வேண்டும். வீட்டில் ஒட்சிசன் யந்திரத்தில் இருக்கும் நோயாளியோ, குளிரில் வைக்க வேண்டிய இன்சுலினோ இருந்தால் நான் மேலே சொன்ன இலாபக் கணக்கைப் பார்க்கவே வேண்டாம்.

எங்கள் பக்கத்துக்குச் சில விஷயம். பனல் தெற்கு நோக்கிப் பத்துப் பாகை சரிவில் இருந்தால் போதும். பனை, தென்னை நிழல் ஒரு பனலில் விழுந்தாலும் அந்த வரிசையின் விளைச்சல் இறங்கும். பக்கத்து வீட்டுத் தென்னையை வெட்டச் சொல்லிச் சண்டை பிடிப்பதைவிட இடத்தை மாற்றுவது மலிவு. கடற்கரைப் பக்கம் என்றால் தாங்கிகளுக்கும் ஆணிகளுக்கும் துருப்பிடிக்காத உலோகம் கேளுங்கள்.

நல்ல வெயிலில் இன்வேட்டர் அடிக்கடி நின்று நின்று வந்தால் பனலில் பிழை தேட வேண்டாம். ஒரே ட்ரான்ஸ்ஃபோமரில் பல வீடுகள் மின்சாரத்தை ஏற்றும்போது கம்பியின் அழுத்தம் 230 வோல்ட்டிலிருந்து மேலே போகிறது, இன்வேட்டர் அதைக் கண்டு விலகுகிறது. பனல் பூட்டியவர் வந்து துடைத்துக் கழுவிக் காசு வாங்கிப் போவார், மறுநாளும் அதேதான். அதற்கு மத்தியானத்தில் அழுத்தத்தை அளந்து எழுதி, அந்தக் கடதாசியோடு உங்கள் பகுதி மின்சார அலுவலகத்துக்கு முறைப்பாடு கொடுங்கள்.

கடைசியாக, பற்றரி வாங்குகிறவர்கள் உத்தரவாதப் பத்திரத்தில் வருடத்தை மட்டும் பார்க்காதீர்கள். அந்த வருடக் கடைசியில் கொள்ளளவில் எத்தனை வீதம் மிஞ்சியிருக்கும், ஒவ்வொரு நாளும் இரவு முழுதாக இறக்கினாலும் அந்த உத்தரவாதம் செல்லுமா என்ற இரண்டையும் எழுத்தில் வாங்குங்கள். இரவில் விற்பதற்கென்றே வாங்கும் பற்றரி நாள்தோறும் நிரம்பி நாள்தோறும் இறங்கப்போகிறது.

நன்றி, வணக்கம்.