ராணி ஒளிந்த சுரங்கம் இல்லை மக்களே! இங்கிலாந்து வயலுக்கு அடியில் நிஜமாக என்ன இருந்தது?

வணக்கம் மக்களே. இன்றைக்கு மதுரை வில்லாபுரம் வீட்டு மொட்டைமாடியில் உட்கார்ந்து பேசுகிறேன். வண்டிச் சத்தம் கேட்கும், நடுவில் விமானம்கூடப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள். எடிட்டிங் முடியும்வரை காத்திருக்கலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் நேற்று ராத்திரி ஒரு வீடியோவைப் பார்த்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

லீட்ஸில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தபோது ஒரு ஷார்ட்ஸ் போட்டேன் இல்லையா? புல்வெளி நடுவில் பச்சைப் பெயின்ட் அடித்த இரும்பு மூடியைத் திறந்து, ஏணியில் கீழே இறங்குவேனே, அதுதான். அதை ஒரு சேனலில் அப்படியே எடுத்து, பின்னணியில் பேய் இசையைப் போட்டு, 'இங்கிலாந்து ராணி ஒளிந்த ரகசியச் சுரங்கம்' என்று தலைப்பு வைத்திருக்கிறார்கள். என்னைக் கேட்காமல் எடுத்ததைக்கூட விட்டுவிடலாம். அந்தத் தலைப்பை என்னால் விட முடியாது. நம் சேனலைத் தொடர்ந்து பார்க்கிறவர்களுக்குத் தெரியும், கீழக்குயில்குடி வீடியோவிலேயே சொன்னேன்: ஓர் இடத்தை எதற்காகக் கட்டினார்கள் என்று தெரிந்துகொள்ளாமல் நான் கேமராவைத் திறக்க மாட்டேன். திருமலை நாயக்கர் மகாலிலிருந்து மீனாட்சி கோயிலுக்குச் சுரங்கம் போகிறது என்று கேட்டுக் கேட்டே வளர்ந்த ஊர் நம்முடையது. அதனாலோ என்னவோ, தரைக்குக் கீழே ஓர் அறை என்றாலே யாரோ பெரிய மனிதர் தப்பிப்பதற்கு என்று முடிவு கட்டிவிடுகிறோம்.

அந்த அறை தப்பிப்பதற்குக் கட்டியதே இல்லை மக்களே. எல்லோரும் ஓடி ஒளிகிற நேரத்தில், உட்கார்ந்து கணக்கு எடுப்பதற்குக் கட்டியது. அதில் இருந்தவர்கள் அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள். விவசாயி, வாத்தியார், கடைக்காரர் மாதிரி ஆட்கள், வேலை முடிந்த நேரத்தில் தன்னார்வமாகப் பயிற்சிக்கு வந்தவர்கள்.

ராயல் அப்சர்வர் கோர் என்று ஓர் அமைப்பு. 1925-இல் ஆரம்பித்தது. அப்போது வேலை விமானத்தைப் பார்ப்பது, சத்தத்தை வைத்து எது எந்தப் பக்கம் போகிறது என்று சொல்வது. இரண்டாம் உலகப் போரில், ரேடார் கடலைப் பார்த்துக்கொண்டிருக்க, நாட்டுக்குள் நுழைந்த விமானங்களைக் கண்ணாலும் காதாலும் பின்தொடர்ந்தது இவர்கள்தான். அதற்காகவே 1941-இல் 'ராயல்' பட்டம் கொடுத்தார்கள். அப்புறம் அணுகுண்டுக் காலம் வந்தது. ஜெட் விமானத்தைக் கண்ணால் பார்த்துச் சொல்வதற்குள் அது ஊரைத் தாண்டிவிடும். அதனால் 1950களின் பிற்பகுதியிலிருந்து இவர்களைத் தரைக்குக் கீழே கொண்டுபோனார்கள். குண்டு விழுந்தால் எங்கே விழுந்தது, எவ்வளவு பெரியது, கதிர்வீச்சுத் தூசி எந்தப் பக்கம் போகிறது என்று அளந்து சொல்வது புது வேலை. பிரிட்டன் முழுக்க இப்படி 1,563 அறைகள். நம் ஊரில் சோளக்கொல்லைக்குப் பரண் கட்டுவோமே, அதைத் தலைகீழாக மண்ணுக்குள் புதைத்த மாதிரி.

சரி, இறங்கின கதைக்கு வருகிறேன். அத்தானுக்குத் தெரிந்த ஒருவர் மூலமாக நிலத்துக்காரரிடம் அனுமதி வாங்கினோம். கைவிட்ட பிறகு இந்த அறைகளில் பலவும் நிலத்துக்காரர் கைக்கே போய்விட்டன, அதனால் கேட்காமல் நுழைந்தால் அது அடுத்தவர் வீட்டுக்குள் நுழைகிற மாதிரி தப்பு. அவர் நல்ல மனிதர், மூடியைத் திறந்து வைத்து, நாங்கள் வெளியே வரும்வரை மேலேயே நின்றார்.

இப்போது டார்ச். இதைச் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது. போன மாதம் டவுன்ஹால் ரோட்டில் தலையில் மாட்டுகிற டார்ச் வாங்கினேன் என்று லைவில் காட்டினேன், ஞாபகம் இருக்கிறதா? 450 சொன்னார், பேசிப் பேசி 350-க்கு வாங்கினேன். "அக்கா, இது மழைக்காலத்தில் மின்வெட்டுக்குக்கூட உதவாது" என்று கமெண்டில் எழுதினீர்கள். அத்தான் வைத்திருந்தது 40 பவுண்டுக்கு மேல், நம் காசுக்கு 4,000-த்தைத் தாண்டும். சார்ஜ் போடுகிற வகை, விளம்பரத்தில் மலையேறுகிறவர்கள் எல்லாம் மாட்டிக்கொண்டு நிற்பார்கள். ஏணியில் பாதி இறங்குவதற்குள் அது மினுக் மினுக்கென்று அடித்து அணைந்தது. தட்டினார், கழற்றி மாட்டினார், ஒன்றும் நடக்கவில்லை. என் டவுன்ஹால் ரோட்டு டார்ச் கடைசிவரை ஒரே வெளிச்சம். நீங்கள் பார்த்த ஷார்ட்ஸ், இனி பார்க்கப்போகிற முழு வீடியோ, எல்லாமே அந்த 350 ரூபாய் வெளிச்சத்தில் எடுத்தது. சார்ஜ் தீர்ந்தால் அங்கே எங்கே போய்ச் செருகுவது? கடையில் கிடைக்கிற சின்ன பேட்டரி போடுகிற டார்ச்தான் எனக்கு எப்போதும் பிடிக்கும், இதை எத்தனை வீடியோவில் வேண்டுமானாலும் சொல்வேன். அந்தக் கடைக்காரரிடம் போய் வீடியோவைக் காட்டப்போகிறேன்.

ஏணி ஏறக்குறைய 15 அடி. சுவரோடு பதித்த இரும்புப் படிகள், துரு உள்ளங்கையில் அப்படியே ஒட்டும். கீழே இறங்கியதும் காலடியில் ஒரு கம்பி வலை, அதற்கு அடியில் தண்ணீர் தேங்குகிற குழி. பக்கத்தில் ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு மறைப்பு, அதுதான் கழிப்பறை. தண்ணீர் கிடையாது, ரசாயனம் ஊற்றிய வாளி வகை. அதைத் தாண்டினால் அறை. 15 அடி நீளம், ஏழரை அடி அகலம். அவ்வளவுதான் மக்களே. மூன்று பேர், இரண்டடுக்குக் கட்டில், ஒரு மேஜை, ஓர் அலமாரி. வெளிச்சம் ஒரு 12 வோல்ட் பேட்டரியில். சூடு பண்ணுவதற்குப் பெரிதாக எதுவும் கிடையாது. நான் போன நாளில் மேலே வெயில் அடித்தது, கீழே வாயிலிருந்து புகை வந்தது.

அளவு சொன்னால் மனதில் நிற்காது என்பதற்காக இங்கே மாடியில் கோலமாவால் கோடு போட்டிருக்கிறேன், கேமராவைத் திருப்புகிறேன் பாருங்கள். இது கட்டில், இது மேஜை. நானும் தம்பியும் அப்பத்தாவும் உள்ளே உட்கார்ந்து பார்த்தோம். அப்பத்தா நாற்காலியைப் போட்டதும் தம்பி கட்டில் பக்கம் போக வழியில்லை. சுவர் இல்லாமல், தலைக்கு மேல் வானம் இருக்கும்போதே இப்படி. இதில் மூன்று பேர் நாள்கணக்கில், மேலே குடும்பம் என்ன ஆயிற்று என்று தெரியாமல்.

அறையில் என்னை நிறுத்தியது ஒரு குழாய். கூரையிலிருந்து இறங்கி மேஜைக்கு மேலே முடிகிறது. கருவியை எப்போதோ கழற்றிவிட்டார்கள். ஆனால் அது இருந்த இடத்தில் மட்டும் பெயின்ட் மங்காமல் தட்டு அளவுக்கு ஒரு வட்டம், அதைச் சுற்றித் திருகாணி ஓட்டைகள். அங்கே இருந்தது பாம் பவர் இண்டிகேட்டர். மேலே வெடித்த குண்டின் காற்றழுத்தம் குழாய் வழியாக வந்து முள்ளை நகர்த்தும். முள் நகர்ந்த உடனே தொலைபேசிக் கம்பி வழியாகத் தலைமையகத்துக்கு 'டாக்சின்' என்று சொல்லி, எந்த நிலையம், எத்தனை அழுத்தம் என்று சொல்ல வேண்டும். இன்னொரு குழாய் கதிர்வீச்சு மீட்டருக்கு. அதைப் பார்த்து ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை அளவு சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.

இதைவிட முக்கியமானது வெளியே இருந்தது. கிரவுண்ட் சீரோ இண்டிகேட்டர் என்று வெள்ளை எனாமல் பூசிய ஒரு டப்பா. லென்ஸ் கிடையாது, நான்கு திசைக்கும் ஊசி ஓட்டை, உள்ளே நான்கு போட்டோத் தாள். குண்டு வெடிக்கிற வெளிச்சம் ஓட்டை வழியாக விழுந்து தாளில் ஒரு புள்ளி பதியும். எந்தத் திசை, எவ்வளவு உயரம் என்று அந்தப் புள்ளியே சொல்லும். பக்கத்து நிலையங்களின் புள்ளிகளோடு சேர்த்துக் கோடு போட்டால் குண்டு வெடித்த இடம் கிடைத்துவிடும். பேட்டரி வேண்டாம், கம்பி வேண்டாம். எனக்கு இதன்மேல் தனிக் காதலே வந்துவிட்டது.

ஆனால் அந்தத் தாள் தானாகக் கீழே வராது. வெடித்து ஒரு நிமிடம் கழித்து மூன்று பேரில் ஒருவர் ஏணியில் ஏறி, மூடியைத் தள்ளித் திறந்து, வெளியே போய்த் தாளை மாற்றிக்கொண்டு வர வேண்டும். அணுகுண்டு வெடித்த ஒரு நிமிடத்தில்! அதுவும் விதிமுறையில் இருந்த வேலை, பழகிப் பழகிப் பயிற்சி எடுத்த வேலை. அந்த ஆளைப் போய் ராணிக்குப் பதுங்குகுழி காவல் காத்தவர் என்று சொன்னால் எனக்குக் கோபம் வராதா?

ஆங், சைரனைச் சொல்லாமலே போய்விட்டேன், அதையும் சொல்லிவிடுகிறேன். மேஜைப் பக்கத்தில் ஒரு ஒலிப்பெட்டி இருந்திருக்கும். ஆபத்து இல்லாத நேரமெல்லாம் டிக் டிக் என்று அடித்துக்கொண்டே இருக்கும், அந்தச் சத்தம் இருந்தால் கம்பி வேலை செய்கிறது என்று அர்த்தம். தாக்குதல் எச்சரிக்கை வந்தால் ஒருவர் கையால் சுற்றுகிற சைரனை ஒலிக்க விட வேண்டும். கதிர்வீச்சுத் தூசி வருகிறது என்றால் மூன்று வெடி, வாணம் மாதிரியே வானத்தில் வெடிக்கும். அந்தச் சைரன் பதிவை அப்பத்தாவுக்குப் போட்டுக் காட்டினேன். "ஆர்வி மில்லுச் சங்கா?" என்று கேட்டது. ஒரு சத்தம் ஊரை வேலைக்குக் கூப்பிட்டது, இன்னொன்று ஊரை வீட்டுக்குள் போகச் சொல்வதற்கு வைத்திருந்தது. கடவுள் புண்ணியத்தில் போருக்காக அது ஒலிக்கவே இல்லை.

1968-இல் செலவைக் குறைக்கிறோம் என்று கிட்டத்தட்ட பாதி அறைகளை மூடினார்கள். சோவியத் யூனியன் உடைந்துகொண்டிருந்த 1991 செப்டம்பரில் மீதியையும் நிறுத்திவிட்டு, பத்தாயிரம் பேரளவுக்கு இருந்த தன்னார்வலர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். அதற்கப்புறம் பல அறைகளில் தண்ணீர் புகுந்துவிட்டது, சிலதை உள்ளே தீவைத்தே கெடுத்திருக்கிறார்கள். சுவரில் பெயர் எழுதுகிற ஆட்களை எனக்கு எந்த நாட்டிலும் பிடிக்காது. சமணர் மலையில் எழுதியவனும் சரி, அங்கே ஸ்பிரே அடித்தவனும் சரி.

நல்ல நிலையில் பார்க்க வேண்டும் என்றால் யார்க் நகரத்துக்குப் போங்கள். இந்த அறைகளிலிருந்து வரும் தகவலை வாங்கி வரைபடத்தில் குறித்த குழுத் தலைமையகம் அங்கே இருக்கிறது. 1961-இலிருந்து 1991 வரை இயங்கியது, 2006-இல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள். அங்கே படிக்கிற நம் பிள்ளைகள் தயவுசெய்து ஒருமுறை பாருங்கள். கைவிட்ட அறைக்குள் தனியாக மட்டும் இறங்காதீர்கள். மூடி கனமானது, துருப்பிடித்திருந்தால் உள்ளேயே மாட்டிக்கொள்வீர்கள், தேங்கின காற்றும் நல்லதில்லை.

முழு வீடியோ ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வரும். அடுத்தது நம் ஊர்தான். இதோ தலைக்கு மேல் போகிறதே விமானம், அது இறங்குகிற நம் மதுரை விமான நிலையத்தை இரண்டாம் உலகப் போரில் ராயல் ஏர் ஃபோர்ஸ் பயன்படுத்தியிருக்கிறது. பெருங்குடி, அவனியாபுரம் பக்கம் அந்தக் காலத்தில் அங்கே வேலை பார்த்த தாத்தா, பாட்டி கதை உங்கள் வீட்டில் இருந்தால் எழுதுங்கள், கேமராவோடு நானே வந்து கேட்டுக்கொள்கிறேன்.