கப்பலேறிய பாட்டியின் ஊர்

அவையோருக்கு வணக்கம்.

1860 அக்டோபரில் சென்னையிலிருந்து கிளம்பிய ட்ரூரோ என்ற கப்பல், நவம்பர் 16 அன்று 342 பேரோடு தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. அப்போது தொடங்கி 1911 வரை 1,52,184 பேர் ஒப்பந்தக் கூலிகளாக, டர்பன் இருக்கும் நேட்டால் என்ற பிரிட்டிஷ் காலனிக்குப் போனார்கள். அவர்களில் பெரும்பகுதி சென்னையில் கப்பலேறியவர்கள். அப்படிப் போன ஒரு பெண்ணின் பூர்வீகத்தை எப்படித் தேடுவது?

என்னை உலுக்கிய விஷயம் ஒன்று உண்டு. ஊரிலேயே இருந்துவிட்ட அக்கா தங்கைகளைப் பற்றிப் பெரும்பாலும் ஒரு துண்டுக் காகிதம்கூடக் கிடைக்காது. கப்பலேறியவருக்கோ, கப்பலில் வந்த ஒப்பந்தக் கூலிகளின் பதிவேட்டில் தனியாக ஒரு வரி இருக்கிறது. காலனி எண் (ஒவ்வொருவருக்கும் கொடுத்த தனி எண்), பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடலில் உள்ள தழும்பு. ஆளைத் தப்பவிடக் கூடாது என்று எழுதிய வரிதான். இன்று அவருடைய பேத்திகளுக்கு அதுவே வழிகாட்டுகிறது.

பெயரை மட்டும் வைத்துத் தேடாதீர்கள். முனியம்மாக்களும் லட்சுமிகளும் பக்கத்துக்குப் பக்கம் வருவார்கள். முதலில் காலனி எண்ணைப் பிடியுங்கள். ஒப்பந்தம் முடிந்து அங்கேயே தங்கியவர்கள் மீது 1895இல் ஆண்டுக்கு 3 பவுண்டு வரி போட்டார்கள். பிறகு 13 வயது நிரம்பிய பெண் பிள்ளைகளையும் அதற்குள் இழுத்தார்கள். 1914இல்தான் அது ஒழிந்தது. கொடுமையான வரி அது. ஆனாலும் அந்தக் காலத்துக் காகிதம் ஏதாவது வீட்டுப் பெட்டியில் கிடந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், எண் அதில் இருக்கலாம்.

அப்புறம், ஊர்ப் பெயர். காதில் விழுந்ததை எழுத்தர் ஆங்கிலத்தில் எழுதிவைத்தார். ழ, ள, ல மூன்றும் அங்கே ஒன்றுதான். எழுத்தைப் பார்த்துக் குழம்பாமல் வாய்விட்டுப் பல விதமாகச் சொல்லிப் பாருங்கள். தாலுகாவையும் சேர்த்துப் பார்த்தால் ஊர் பிடிபடும். சாதிப் பத்தியை நான் அவ்வளவாக நம்புவதில்லை. கப்பலேறும்போது அதை மாற்றிச் சொன்னவர்கள் உண்டு.

இவ்வளவு எழுதியவர்கள் தாயின் பெயருக்கு ஒரு பத்தி வைக்கவில்லை. அதனால், உங்கள் பாட்டியின் வரி கிடைத்ததும் நிறுத்திவிடாதீர்கள். குடும்பமாக வந்தவர்களுக்கு அடுத்தடுத்த எண்கள் கொடுப்பது வழக்கம். முன்னும் பின்னும் பத்து வரிகளைப் படியுங்கள். அதே கப்பல், அதே கிராமம், இருபது வயது மூத்த ஒரு பெண் இருக்கிறாரா என்று பாருங்கள்.