ஒரே டைமர், பல அலைகள்

நேயர்களுக்கு வணக்கம்.

பொத்தான் வைத்த தொலைபேசியில் 5 என்ற எண்ணை அழுத்தினால் காதில் ஒரு ஒலி கேட்கும். அது ஒற்றை ஒலி அல்ல. 770 ஹெர்ட்ஸில் ஒரு சைன் அலை, 1336 ஹெர்ட்ஸில் இன்னொரு சைன் அலை, இரண்டும் சேர்ந்துதான் அந்த ஒலி. பொத்தான்களின் ஒவ்வொரு குறுக்கு வரிசைக்கும் ஒரு தாழ்ந்த அதிர்வெண், ஒவ்வொரு நெடுக்கு வரிசைக்கும் ஓர் உயர்ந்த அதிர்வெண். 1963 நவம்பரில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பெல் தொலைபேசி நிறுவனம் இந்த முறையைச் சந்தாதாரர்களுக்குக் கொண்டுவந்தது. அந்த அதிர்வெண்களைத் தேர்ந்தெடுத்த விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். எதுவும் இன்னொன்றின் மடங்காக வராது. எந்த இரண்டைக் கூட்டினாலும் கழித்தாலும் மூன்றாவது வராது. பேசுகிறவரின் குரலைப் பொத்தான் ஒலி என்று எதிர்முனைக் கருவி தவறாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது.

இந்த ஒலியை ஒரு சின்ன மைக்ரோகண்ட்ரோலரில், அதாவது ஒரே சிப்பில் அடங்கிய குட்டிக் கணினியில், எப்படி உண்டாக்குவது? கல்லூரி மாணவர்கள் பலர் கையில் வைத்திருக்கும் அர்டுயினோ ஊனோ ஆர்3 பலகையையே எடுத்துக்கொள்வோம். அதிலுள்ள சிப் ஏடிமெகா328பி. வேகம் 16 மெகாஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு ஒரு கோடியே அறுபது லட்சம் துடிப்பு. உள்ளே மூன்று டைமர்கள், அதாவது அந்தத் துடிப்புகளைத் தாமாகவே எண்ணும் சுற்றுகள், இருக்கின்றன.

அர்டுயினோவில் ஒலி எழுப்ப 'டோன்' என்று ஒரு கட்டளை இருக்கிறது. அது ஒரு நேரத்தில் ஒரே ஒலியைத்தான் தரும், அதுவும் மேலும் கீழும் சட்டென்று தாவும் சதுர அலையாக. அதனால் புதிதாக இதில் இறங்குகிறவர்கள், மூன்று டைமர் இருக்கிறதே, அலைக்கு ஒரு டைமர் கொடுத்துவிடலாமே என்று யோசிப்பார்கள். இயல்பான யோசனைதான். ஆனால் முதல் டைமரை நேரக்கணக்குக்காக அர்டுயினோ ஏற்கெனவே எடுத்துக்கொண்டுவிட்டது. மிச்சம் இரண்டு. அந்த இரண்டையும் கொடுத்துவிட்டால் மூன்றாவது அலைக்கு இடமே இல்லை. கிடைக்கிற இரண்டும் சதுர அலைகள். 770 ஹெர்ட்ஸ் சதுர அலைக்குள் அதன் மூன்று மடங்கான 2310 ஹெர்ட்ஸும் ஒட்டிக்கொண்டு வரும். எல்லாவற்றுக்கும் மேலாக, தனித்தனி டைமர்களில் ஓடும் அலைகளுக்குள் ஓர் ஒழுங்கைக் கட்டிக் காப்பது கடினம்.

சரியான வழி, அலை எத்தனையானாலும் டைமர் ஒன்றே என்று வைத்துக்கொள்வது. அந்த டைமர் எந்த அலையின் அதிர்வெண்ணிலும் ஓடாது. மாறாத ஒரே வேகத்தில் இன்டரப்ட் கொடுத்துக்கொண்டே இருக்கும். இன்டரப்ட் என்றால், ஓடும் நிரலைச் சற்றே நிறுத்தி, சின்ன வேலை ஒன்றை முடித்துவிட்டு வரச் சொல்லும் அழைப்பு. ஒவ்வொரு இன்டரப்டிலும் எல்லா அலைகளுக்கும் அடுத்த மதிப்பு என்ன என்று பார்த்து, கூட்டி, வெளியே அனுப்புகிறோம்.

கோயில் பிராகாரத்தை இரண்டு பேர் வலம் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மணி அடிக்கும்போதெல்லாம் இருவரும் நகர வேண்டும். ஒருவர் எட்டி எட்டி நடக்கிறார். மற்றவர் சிற்றடி வைக்கிறார். மணி ஒன்றுதான், ஆனாலும் எட்டி நடப்பவர் சீக்கிரம் சீக்கிரமாகச் சுற்றை முடித்துவிடுவார். பிராகாரத்தின் மொத்தச் சுற்றளவு 65,536 அடி. பதினாறு பிட் எண்ணில் அடங்குவது அவ்வளவுதான். அதைத் தாண்டினால் எண் தானாகவே பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். சுற்று முடிந்ததா என்று நாம் சோதிக்கவே வேண்டாம். அவர் நிற்கும் இடத்துக்கு அலையின் உயரம் எவ்வளவு என்பதை, முன்கூட்டியே கணக்கிட்டு வைத்த 256 எண்கள் கொண்ட சைன் அட்டவணை சொல்லிவிடும். பதினாறு பிட்டில் மேல் எட்டு பிட்டை எடுத்தால் அதுவே அட்டவணையில் வரிசை எண்.

இனி எண்கள். இன்டரப்ட் வேகமாக நான் வினாடிக்கு 31,250 என்பதைத் தேர்ந்தெடுப்பேன். அதற்குக் காரணம் உண்டு. சிப்பின் கால், அதாவது வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இணைப்பு முனை, 0 வோல்ட் அல்லது 5 வோல்ட் மட்டுமே தரும். இடைப்பட்ட உயரங்களைப் பி.டபிள்யூ.எம். மூலமாகத்தான், அதாவது காலை வேகமாக ஏற்றி இறக்கி, ஏற்றிவைக்கும் நேரத்தின் பங்கைக் கூட்டிக் குறைத்துத்தான், உண்டாக்க வேண்டும். எட்டு பிட் பி.டபிள்யூ.எம். ஒரு சுற்றுக்கு 256 துடிப்பு எடுத்துக்கொள்ளும். இன்டரப்டை 512 துடிப்புக்கு ஒருமுறை வைத்தால், சரியாக இரண்டு பி.டபிள்யூ.எம். சுற்றுக்கு ஒரு புது மதிப்பு. இரண்டும் கை கோத்து நடக்கும். வசதியாக இருக்கிறதே என்று 20,000 என வைத்தால் 800 துடிப்பு வரும். அது 256-இன் மடங்கு அல்ல. அப்போது சில மதிப்புகள் மூன்று சுற்றும் சில நான்கு சுற்றும் நீடிக்கும். அந்தத் தடுமாற்றம் ஒலியில் கரகரப்பாகக் கேட்கும்.

770 ஹெர்ட்ஸுக்கு ஒரு தாவல், அதாவது ஒரு மணிக்கு நகரும் தூரம், எவ்வளவு? 770-ஐ 65,536-ஆல் பெருக்கி, 31,250-ஆல் வகுத்தால் 1614.8. முழு எண்ணாக 1615 என்று வைத்தால் கிடைப்பது 770.09 ஹெர்ட்ஸ். 1336-க்கு 2802, கிடைப்பது 1336.1. ஒன்றரை சதவீதம் விலகினாலும் ஏற்றுக்கொள்ளும் தொலைபேசிக் கருவிக்கு இது தாராளம். இரண்டு மதிப்பையும் கூட்டி, பாதியாக்கி, பி.டபிள்யூ.எம்.முக்கு அனுப்புங்கள். காலில் 3.9 கிலோ ஓம் ரெசிஸ்டர், 10 நானோஃபாரட் கெப்பாசிட்டர் கொண்ட ஒரு வடிகட்டி போதும். சுமார் 4 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் இருப்பதை அது அடக்கிவிடும்.

இன்டரப்டுக்குள் எழுதும் நிரல் எப்போதும் சிக்கனமாக இருக்க வேண்டும். நம் கையில் இருப்பது 512 துடிப்பு, அதாவது 32 மைக்ரோ வினாடி. வகுத்தலும் தசம எண்ணும் அதற்குள் வரவே கூடாது. இந்தச் சிப்பில் வகுத்தலுக்கென்று சுற்று கிடையாது, நூற்றுக்கணக்கான துடிப்புகளை அது தின்றுவிடும். அட்டவணையைப் பார்த்துக் கூட்டுவதற்கு அலைக்கு இருபத்தைந்து துடிப்பு அளவே ஆகும். அதனால்தான் இரண்டு அலையை இரண்டால் வகுக்காமல் ஒரு பிட் வலப்பக்கம் நகர்த்துகிறோம். மூன்று அலை வேண்டுமென்றாலும் நான்கு அலைக்கான இடம் ஒதுக்கி, ஒன்றை மௌனமாக விட்டுவிடுவது நல்லது; நான்கால் வகுப்பதும் இரண்டு பிட் நகர்த்தினால் முடிந்துவிடும்.

இன்னொன்று. தாவல் எண் இரண்டு பைட். சிப்போ எட்டு பிட். முதன்மை நிரல் 255-ஐ 256 ஆக மாற்றும்போது, ஒரு பைட் மாறி மற்றது மாறாத அந்தக் கணத்தில் இன்டரப்ட் வந்தால், அது படிப்பது 0 ஆக இருக்கலாம், 511 ஆகவும் இருக்கலாம். ஒரே ஒரு மதிப்புதான் பிசகும். ஆனால் அந்த அலை மற்றதிலிருந்து விலகிய விலகல் தானாகத் திரும்பி வராது. எனவே தாவலை மாற்றும் அந்த ஒரு வரிக்கு மட்டும் இன்டரப்டை நிறுத்திவைத்து, உடனே திறந்துவிட வேண்டும்.

ஒரே டைமரின் அருமை எனக்கு முழுதாகப் புரிவது ஸ்ருதிப் பெட்டியில்தான். ஒரு கட்டை ஸட்ஜத்தை 261.63 ஹெர்ட்ஸ் என்று கொள்வோம். பஞ்சமம் அதில் ஒன்றரை மடங்கு. தனித்தனியே கணக்கிட்டு முழு எண்ணாக்கினால் ஸட்ஜத்துக்கு 549, பஞ்சமத்துக்கு 823. பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஸட்ஜத்தின் மூன்றாவது ஹார்மோனிக்கும், அதாவது அதன் மூன்று மடங்கு அதிர்வெண்ணும், பஞ்சமத்தின் இரண்டாவது ஹார்மோனிக்கும் ஒரே இடத்தில் விழ வேண்டும். மும்முறை 549 என்றால் 1647. இருமுறை 823 என்றால் 1646. அந்த ஓர் அடி வித்தியாசம், ஏறக்குறைய இரண்டு வினாடிக்கு ஒருமுறை ஒலி பொங்கி அடங்குவதாகக் காதில் விழும். தம்புராவில் ஊறிய காதுக்கு அது பொறுக்காது. ஸட்ஜத்தை 548 என்று இரட்டைப்படையாக வையுங்கள். பஞ்சமம் 822, மேல் ஸட்ஜம் 1096. ஸ்ருதி இரண்டு சென்ட், அதாவது அரை ஸ்வர இடைவெளியில் நூறில் இரண்டு பங்கு, இறங்கும். பாடுகிறவர் யாரும் கவனிக்க மாட்டார்கள். ஆனால் ஸ–ப உறவு எள்ளளவும் பிசகாது, பெட்டி நாள் முழுக்க ஓடினாலும். சிப்புக்குத் துடிப்பு தரும் உறுப்பு சூட்டில் சற்றே விலகினாலும் எல்லாம் சேர்ந்தேதான் விலகும். இரண்டு, மூன்றாம் ஹார்மோனிக்குகளைச் சேர்த்து அட்டவணையைப் புதிதாகக் கணக்கிட்டால் ஒலியில் கொஞ்சம் நாதமும் வரும். இன்டரப்டில் ஒரு வரியும் மாறாது.

மூன்று பேஸ் மோட்டாருக்கான அலைகளும் இதே வழிதான். அங்கே நடப்பவர் ஒருவரே. அவர் நிற்கும் இடம், அதிலிருந்து 21,845 தள்ளி, 43,691 தள்ளி என மூன்று இடத்தில் அட்டவணையைப் பார்த்தால் 120 டிகிரி இடைவெளி கிடைத்துவிடும்.

செய்து பார்க்க விரும்பும் மாணவர்கள் ஒரு காரியம் செய்யுங்கள். இன்டரப்டின் முதல் வரியில் உபரியான ஒரு காலை உயர்த்துங்கள், கடைசி வரியில் தாழ்த்துங்கள். மின் அலையைத் திரையில் வரைந்து காட்டும் ஆசிலோஸ்கோப்பில் அந்தக் காலைப் பாருங்கள். 32 மைக்ரோ வினாடிக்கு ஒரு துடிப்பு தெரியும். அதன் அகலம் பத்து மைக்ரோ வினாடி என்றால் சிப்பின் நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு போகிறது. அலை ஒன்று கூட்டினால் துடிப்பு எவ்வளவு அகலமாகிறது என்று அளந்துகொண்டால், இன்னும் எத்தனை அலை தாங்கும் என்பதை நீங்களே சொல்லிவிடலாம். காலை உயர்த்துவதற்கு முன்பும் தாழ்த்திய பிறகும் ரெஜிஸ்டர்களை, அதாவது சிப் கணக்குப் போடும் தற்காலிக இடங்களில் உள்ளதை, எடுத்து வைத்துத் திரும்ப வைக்கும் வேலை நடக்கிறது; அது திரையில் தெரியாது. அதற்காக மூன்று நான்கு மைக்ரோ வினாடியை ஒதுக்கிவிட்டே கணக்குப் போடுங்கள்.

நன்றி, வணக்கம்.