அம்மாவுக்குக் கொடுக்கும் வாக்கு

அனைவருக்கும் வணக்கம். கென்யாவின் வடக்கே, மரலால் ஊரைச் சுற்றிய வறண்ட மேட்டு நிலங்களில் மாடும் ஆடும் ஒட்டகமும் மேய்த்து வாழ்கிற சம்புரு மக்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். மாசாய் மக்களுக்கு நெருங்கிய உறவினர்கள் இவர்கள். இருவரும் பேசுவது மா மொழிதான். மழை எங்கேயோ அங்கே மந்தை போகும், மந்தை போன இடத்துக்கு வீடும் போகும். அந்த வீட்டைக் கட்டுகிறவர்கள் பெண்கள். பால்தான் முக்கிய உணவு. குடுவைக்குள் கொள்ளிக்கட்டையை விட்டுத் தேய்த்துத் துடைத்த பிறகே பாலை ஊற்றுவார்கள். புகை மணக்கும் அந்தப் பால் சீக்கிரம் கெடாது.

சரி, பையன்கள் பெரியவர்களாகும் சடங்குக்கு வருகிறேன். அங்கே எந்தப் பையனும் தனியாகப் பெரியவனாவதில்லை. ஏறக்குறைய 14 ஆண்டுகளுக்கு ஒரு முறை புதிய வயதுக்குழு ஒன்று பிறக்கும், பெயரோடு. 1976இல் கிரோரோ, 1990இல் மூலி, 2005இல் கிஷாமி. இன்ன குழு என்று சொன்னால் போதும், அவர் யாருக்கு அண்ணன், யாருக்குத் தம்பி என்பது விளங்கிவிடும்.

சுன்னத்துக்கு முன் பையன்கள் கரியும் கொழுப்பும் பூசிக் கறுப்பாக்கிய தோலாடை உடுத்தி, கூட்டமாகப் பாடிக்கொண்டு திரிவார்கள். கத்தி படும்போது இமைகூட அசையக் கூடாது. அசைந்தால் குடும்பத்துக்கே தலைக்குனிவு. அப்புறம் வில்லெடுத்துச் சிறு பறவைகளை வேட்டையாடி, அவற்றைத் தலையைச் சுற்றிக் கட்டிக்கொள்வார்கள்.

என் மனத்தை உலுக்கியது அதற்கடுத்த சடங்கு. மகன் தன் தாயிடம் ஒரு வாக்குக் கொடுக்கிறான்: மணமான பெண்கள் கண்ட இறைச்சியை இனி உண்ண மாட்டேன். நேற்றுவரை அம்மா கையால் வாங்கித் தின்றவன் அவன்! இனி அவனுக்குக் கறி என்றால் காட்டில், தோழர்களோடுதான். பாலைக்கூடத் தனியாகக் குடிக்கக் கூடாது. எவ்வளவு பசித்தாலும் தன் குழுவில் ஒருவன் பக்கத்தில் இருக்க வேண்டும். இப்படி வீரனாகிவிட்ட இளைஞனின் செம்மண் பூசிய நீண்ட சடையைத்தான் படத்தில் எல்லோரும் பார்க்கிறோம். அந்த வீரனின் வாழ்க்கை இந்தப் பாலில்தான் இருக்கிறது என்பேன்.

இவர்களைவிட இரண்டு வயதுக்குழு மூத்த பெரியவர்கள் தீக்கடைகோலால் தீ மூட்டி இந்த இளைஞர்களுக்குப் பொறுப்பேற்கிறார்கள். அவர்கள் சாபத்துக்கு அஞ்சாத இளைஞன் இல்லை.

பெண் பிள்ளைகளின் கதை வேறு. அவர்களுக்கென்று இப்படி ஒரு குழு கிடையாது. பல காலமாக, சின்ன வயதிலேயே பிறப்புறுப்பைச் சிதைத்துக் கல்யாணம் செய்து கொடுத்துவிடுவதே வழக்கம். இதை மரபு என்று நான் ஒருநாளும் போற்ற மாட்டேன். கென்யா 2011இல் சட்டம் போட்டுத் தடுத்தது, வழக்கம் நிற்கவில்லை. 2021 மார்ச்சில், நாட்டின் அதிபர் முன்னிலையில், சம்புருப் பெரியவர்களே கிசிமா என்ற ஊரில் கூடி இதைக் கைவிடுவதாகக் கையெழுத்திட்டார்கள். அந்தச் சொல் ஒவ்வொரு குடிசைக்கும் போய்ச் சேர இன்னும் காலம் பிடிக்கும். ஆனால் சொன்னவர்கள் யார் என்று பாருங்கள். எந்தச் சாபத்துக்கு இளைஞர்கள் அஞ்சுகிறார்களோ, அந்தச் சாபத்தை இடும் முதியவர்கள்.