நிலாவை வரைய வேண்டாம், நிலா செய்யறதை புத்தகம் செய்யட்டும்

எல்லாருக்கும் வணக்கம். நேரா விஷயத்துக்கு வந்துடறேன், பேச நிறைய இருக்கு. கையால புத்தகம் செய்யறவங்ககிட்ட நிலாவை வெச்சு ஒண்ணு பண்ணுங்கன்னு சொன்னா பெரும்பாலும் என்ன வரும், அட்டையில ஒரு வட்டம், உள்ள நாலஞ்சு பிறை, பக்கத்துல ஒரு கவிதை. அழகா இருக்கும், தப்புன்னு நான் சொல்லல. ஆனா நிலா அங்க சும்மா படமா நிக்குது. நிஜத்துல அது என்னவெல்லாம் பண்ணுதுன்னு யோசிச்சுப் பாருங்க, வளருது, தேயுது, ஒரு பக்கத்தை நமக்கு காட்டாமலே சுத்துது, வெளிச்சம் சாய்வா விழுந்தா மேடு பள்ளத்தையெல்லாம் காட்டிட்டு நேரா விழுந்தா மறைச்சுக்குது. இத்தனையும் காகிதத்தாலயும் மடிப்பாலயும் தையலாலயும் செய்ய முடியும். ஆர்ட்டிஸ்ட் புக்னு, அதாவது புத்தகத்தையே ஒரு கலைப்படைப்பா செய்யறதுன்னு, நாம சொல்றதோட பலமே அதுதான், பக்கத்தை புரட்டுற செயலே படைப்போட பாதி. அதனால நிலாவோட வேலையை புத்தகத்தோட கையில கொடுங்கன்னுதான் இன்னைக்கு நான் கேட்டுக்கறேன்.

முதல்ல வெளிச்சம். பௌர்ணமி அன்னைக்கு டெலஸ்கோப்ல நிலாவைப் பார்த்தவங்களுக்கு தெரியும், தட்டையா இருக்கும், பள்ளம் எதுவும் சரியா தெரியாது. சூரியன் நேரா அடிக்குது, நிழலே விழல. அரை நிலா அன்னைக்கு பாருங்க, இருட்டும் வெளிச்சமும் சேர்ற அந்த கோட்டுகிட்ட ஒவ்வொரு பள்ளமும் நிழலோட எழுந்து நிக்கும். 1610ல கலிலியோ புத்தகம் போட்டப்போ நிலாவுல மலை இருக்குன்னு சொன்னதுக்கு ஆதாரமே இந்த கோடுதான், கோட்டுக்கு அந்தப்பக்கம் இருட்டுக்குள்ள தனியா மின்னுற புள்ளிங்க இருக்கே, அதெல்லாம் மலை உச்சின்னு புரிஞ்சுக்கிட்டு அதோட உயரத்தையும் கணக்கு போட்டார்.

இப்ப காகிதத்துல இதே வேலையை செய்யற ஒரு விஷயம் நம்மகிட்ட இருக்கு, மை போடாத எம்பாஸிங், அதாவது காகிதத்தை அழுத்தி மேடு பள்ளமா வடிவம் எழுப்பறது. பக்கம் பூரா வெள்ளை. மேல லைட் போட்டு பார்த்தா காலி பக்கம். புத்தகத்தை கொஞ்சம் சாய்ங்க, இல்ல விளக்கை பக்கவாட்டுல கொண்டு வாங்க, பள்ளம் எல்லாம் எழுந்து வரும். படிக்கறவங்க கை அசையறதுதான் அங்க சூரியன். இதை விட பொருத்தமா நிலாவைக் காட்ட ஒரு வழி எனக்குத் தெரியல, அதனால இதைக் கொஞ்சம் விவரமாவே சொல்றேன்.

ஒன்றரை மில்லிமீட்டர் கெட்டி அட்டை எடுத்துக்கோங்க. அதுல சின்னதும் பெருசுமா வளையம் வெட்டி இன்னொரு அட்டை மேல ஒட்டுங்க, அதுதான் பிளேட். வளையத்தோட உள் விளிம்பை கத்தியை சாய்ச்சு பிடிச்சு சரிவா சீவி விடுங்க, ஏன்னா செங்குத்தா விட்டா ஈர காகிதம் அங்க கிழியும், பார்க்கவும் பட்டன் மாதிரி ஆயிடும். காகிதம் பருத்தி நார் காகிதமா, 250ல இருந்து 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் காகிதம் எத்தனை கிராம்ங்கற கணக்கு) வரைக்கும் இருக்கட்டும், மரக்கூழ் காகிதம் இந்த அளவுக்கு இழுபடாது. தண்ணியில ஊற வெச்சு எடுத்து ரெண்டு ஒத்து காகிதத்துக்கு நடுவுல வெச்சு, மேல மினுமினுப்பு போற வரைக்கும் ஒத்தி எடுங்க, தண்ணி நிக்கக்கூடாது, ஆனா தொட்டா சில்லுன்னு இருக்கணும். பிளேட் மேல போட்டு போன் ஃபோல்டராலயோ (மடிப்பைத் தேய்க்கற மழுங்கின எலும்புக் கருவி) ஸ்பூனோட முதுகாலயோ நடுவுல இருந்து வெளிப்பக்கமா தேய்ங்க. பிரஸ் இருந்தா நல்லது, இல்லேன்னாலும் நடக்கும். அவசரப்பட்டு எடுக்காதீங்க, பிளேட் மேலயே முக்கால்வாசி காயட்டும், ஈரத்தோட உரிச்சா விளிம்பு எல்லாம் தளர்ந்து போயிடும். அப்புறம் இந்த பக்கத்தை தைச்ச பிறகு வெயிட் வெச்சு பிரஸ் பண்ணாதீங்க, அவ்வளவு உழைப்பும் தட்டையாயிடும், அதனால புத்தகத்தோட முதுகுகிட்ட, அதாவது தைக்கற ஓரத்துல, பட்டை பட்டையா காகிதம் மடிச்சு வெச்சு தைங்க, ரெண்டு பக்கத்துக்கு நடுவுல எம்பாஸிங்குக்கு மூச்சு விட இடம் கிடைக்கும்.

நிழலை நம்பி ஒரு புத்தகமே செஞ்சவங்க ரெண்டு பேர் இருக்காங்க. ஜேம்ஸ் நாஸ்மித், நீராவி சம்மட்டிக்கு பேர் போன இன்ஜினியர், அவரும் வானியலாளர் ஜேம்ஸ் கார்பென்டரும் 1874ல நிலாவைப் பத்தி ஒரு புத்தகம் போட்டாங்க. அந்தக் காலத்து கேமராவுல நிலாவோட பள்ளங்களை கிட்டத்துல எடுக்க வழியில்ல, அதனால டெலஸ்கோப்ல பார்த்து பார்த்து வரைஞ்சு, அந்த வரைபடத்தை வெச்சு பிளாஸ்டர்ல மாடல் செஞ்சு, சூரிய வெளிச்சத்துல வெச்சு போட்டோ எடுத்தாங்க. நிலாவோட மலைங்க எப்படி வந்துச்சுன்னு சொல்ல ஒரு சுருங்கின ஆப்பிளையும் ஒரு வயசான கையோட பின்பக்கத்தையும் பக்கத்துல பக்கத்துல போட்டோ போட்டிருக்காங்க. உள்ளே சுருங்கினதால மேல்தோல் மடிஞ்சு மலையாச்சுங்கற அவங்க கொள்கை நிக்கல, ஆனா அந்த பக்கத்தைப் பார்த்தா ஒரு நிலா புத்தகத்துல கைக்கும் இடம் உண்டுன்னு புரியுது, நான் அடிக்கடி அந்த ரெண்டு படத்துக்கு திரும்பி போவேன்.

அடுத்தது பிறை. இதுல ஒரு பிடிவாதம் எனக்கு உண்டு, மன்னிச்சுக்கோங்க. ஒரு வட்டத்தை இன்னொரு வட்டத்தால கடிச்ச மாதிரி வெட்டி பிறைன்னு ஒட்டறாங்க இல்லையா, வானத்துல அப்படி ஒரு பிறை கிரகணம் இல்லாம வராது. நிஜப் பிறையோட வெளி விளிம்பு சரியா அரை வட்டம், ரெண்டு கொம்பும் வட்டத்தோட நேரெதிர் முனையில நிக்கும், உள் விளிம்பு ஒரு நீள்வட்டத்தோட பாதி. அந்த நீள்வட்டம் எவ்வளவு ஒல்லிங்கறதுதான் நாளுக்கு நாள் மாறுது. ஒரு அமாவாசையில இருந்து அடுத்த அமாவாசைக்கு 29.53 நாள், அப்ப ஒரு நாளைக்கு சுமார் 12.2 டிகிரி. 10 செ.மீ. விட்டம் உள்ள வட்டம்னா முதல் நாள் பிறையோட நடு தடிமன் வெறும் 1 மில்லிமீட்டர் சொச்சம், மூணாம் நாள் 1 செ.மீ., ஏழாம் நாள் நாலரை செ.மீ.க்கு மேல. அதாவது அமாவாசைகிட்டயும் பௌர்ணமிகிட்டயும் மெதுவா நகருது, அரை நிலாகிட்ட ஓடுது. பக்கத்தை வேகமா புரட்டுற மாதிரி ஒரு புத்தகம் செஞ்சா இந்த மெதுவும் ஓட்டமும் விரல்லயே தெரியும், ஒரே அளவு தள்ளி தள்ளி வரைஞ்சா அது மெஷின் கதவு மூடுற மாதிரி இருக்கும், உயிரே இருக்காது.

எத்தனை பக்கம் வெக்கறதுன்னு கேப்பீங்க. 29ன்னு வெச்சாலும் இடிக்குது, 30ன்னு வெச்சாலும் இடிக்குது. நிலா காட்டுற பழைய கடிகாரங்கள்ல இதுக்கு வழி கண்டுபிடிச்சு வெச்சிருக்காங்க, ரெண்டு நிலா வரைஞ்ச ஒரு தட்டு, அதுக்கு 59 பல், ரெண்டு மாசம் சேர்ந்தா கிட்டத்தட்ட சரியா 59 நாள் வந்துடுது. அதையே எடுத்துக்கலாம். அஞ்சு அஞ்சு தாளை மடிச்சு ஆறு செக்‌ஷனா தைச்சா 60 இலை, 59 நிலாவுக்கு, கடைசி ஒண்ணு உங்க குறிப்புக்கு. அமாவாசை பக்கத்துல எதுவும் எழுதாதீங்க, முழுக் கறுப்பா விட்டுடுங்க, அந்த இடத்துல வரி எழுதணும்னு கை அரிக்கும், விட்டுக்கொடுக்காதீங்க. வளர்பிறையில வலப்பக்கம் வெளிச்சம்னு எல்லாரும் வரையறது பூமியோட வடபாதிக்கு, தென்பாதியில இருக்கறவங்களுக்கு அது இடப்பக்கம், பூமத்திய ரேகைகிட்ட பிறை படகு மாதிரி மல்லாந்து கிடக்கும். எங்க நின்னு பார்க்கறீங்களோ அந்த நிலாவை வரைங்க.

சுழல்ற தட்டு பிடிக்கும்னா அதுக்கு பெரிய பரம்பரையே இருக்கு. 1540ல ஜெர்மன் வானியலாளர் பீட்டர் அப்பியன் அச்சடிச்ச வானியல் புத்தகத்துல காகிதத் தட்டுங்க ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி நூல் கோத்து, கையால சுத்தி சுத்தி கிரகம் எங்க, நிலா எங்கன்னு பார்க்கலாம். பக்கமே ஒரு கருவி. நீங்க செய்யும்போது ஒரே ஒரு வட்ட ஜன்னலுக்கு பின்னாடி கறுப்பு வட்டத்தை நகர்த்தாதீங்க, நான் இப்ப சொன்ன அந்த கடிச்ச பிறைதான் வரும். கீழ்த்தட்டோட விளிம்பை சுத்தி எல்லா பிறையும் வரைஞ்சுட்டு மேல ஒரு ஜன்னல் போதும்.

நிறம் பத்தி சுருக்கமா. நிலா வெள்ளைன்னு நினைச்சு வெள்ளை பெயின்ட்டை கொட்ட வேண்டாம். தன் மேல விழற வெளிச்சத்துல சுமார் 12 சதவீதம்தான் அது திருப்பி அனுப்புது, தேஞ்ச தார் ரோடு எவ்வளவு கறுப்போ கிட்டத்தட்ட அவ்வளவு. சுத்தி வானம் அத்தனை கறுப்பா இருக்கறதால நமக்கு ஜொலிக்குது. நல்ல ஆழமான கறுப்பு காகிதத்துல நடுத்தர சாம்பல் மை வெச்சுப் பாருங்க, கண்ணு தானாவே அதை வெள்ளையா எடுத்துக்கும். அதே கறுப்பு காகிதத்துல பென்சிலால தேய்ச்சா ஒரு கோணத்துல மட்டும் மினுங்கும், மத்த கோணத்துல காணாம போயிடும். பிறையோட இருட்டுப் பகுதியில மங்கலா ஒரு ஒளி தெரியுமே, பூமியில பட்டு போற வெளிச்சம், அதுக்கு இதுதான் சரி.

நீலம் வேணும்னா சயனோடைப், அதாவது மருந்து தடவின காகிதத்தை வெயில்ல காட்டி நீலப் படம் எடுக்கற முறை. 1842ல இதைக் கண்டுபிடிச்ச ஜான் ஹெர்ஷெல் ஒரு வானியலாளர், அடுத்த வருஷமே தாவரவியலாளர் அன்னா அட்கின்ஸ் கடல்பாசிங்களை இந்த முறையில பதிச்சு பகுதி பகுதியா புத்தகம் போட ஆரம்பிச்சாங்க, கையாலேயே. நிலா வெளிச்சத்துலயே பிரின்ட் எடுக்கலாமான்னு ஒவ்வொரு தடவையும் யாராவது ஆசையா கேப்பாங்க, கேக்கவே நல்லாத்தான் இருக்கு, ஆனா பௌர்ணமி வெளிச்சம் சூரிய வெளிச்சத்தை விட சுமார் 4,00,000 மடங்கு கம்மி. வெயில்ல 10 நிமிஷம் ஆகற பிரின்ட்டுக்கு பௌர்ணமி நிலா அஸ்தமிக்காம ஏழு வருஷத்துக்கு மேல நின்னு காயணும். வெயில்லயே பண்ணுங்க, நிலா வெளிச்சமும் அந்த சூரியனோடதுதான்.

தூரத்தை யாரும் புத்தகமா செய்ய மாட்டேங்கறாங்க, அது எனக்கு வருத்தம். படத்துல எல்லாம் பூமியும் நிலாவும் ஒட்டி ஒட்டி நிக்கும். நிஜத்துல நடுவுல சுமார் 30 பூமியை வரிசையா அடுக்கலாம், சராசரி 3,84,400 கி.மீ. விசிறி மடிப்பு புத்தகம் ஒண்ணு செய்ங்க, முதல் மடிப்புல 5 செ.மீ. பூமி, அப்ப நிலா 1.4 செ.மீ., ரெண்டுக்கும் நடுவுல ஒன்றரை மீட்டர். 10 செ.மீ. மடிப்புன்னா பதினஞ்சு மடிப்பு, நடுவுல எல்லாம் காலி. கையில இருக்கும்போது சின்ன கட்டு, பிரிச்சா ரெண்டு கையும் பத்தாது, இன்னொருத்தரை கூப்பிட்டு அந்த முனையை பிடிக்க சொல்லணும். இந்த மடிப்புக்கு காகிதத்தோட கிரெய்னை, அதாவது நார் ஓடற வாக்கை, பார்க்காம ஆரம்பிக்காதீங்க, தாளை ரெண்டு பக்கமும் லேசா வளைச்சுப் பாருங்க, எந்தப் பக்கம் சுலபமா வளையுதோ அந்த வாக்குலதான் மடிக்கணும், எதிர் வாக்குல மடிச்சா மடிப்பு வெடிச்சு நார் தெரியும். அட்டைக்கும் அதே கதை, அட்டை, மேல்தாள், உள்தாள் மூணோட கிரெய்னும் முதுகுக்கு இணையா இருக்கட்டும், பசை பட்ட தாள் விரிஞ்சு காயும்போது சுருங்கி இழுக்கும், ஆளுக்கு ஒரு பக்கம் இழுத்தா அட்டை முறுக்கிக்கும்.

கடைசியா மறுபக்கம். இதுல எனக்கு பிடிச்ச வடிவம் கிழக்காசியாவுல பழைய காலத்துல இருந்து இருக்கற மடிப்புப் பை மாதிரியான பக்கம். மெல்லிசு தாள், ஒரு பக்கம் மட்டும் அச்சு, நடுவுல மடிச்சு மடிப்பு வெளிப்பக்கம் வர்ற மாதிரி வெச்சு, திறந்த ஓரத்தை முதுகுல சேர்த்து தைக்கறது. உள்ளே ஒரு பை கிடைக்குது, அதை யாரும் பார்க்கறதில்ல. நிலாவோட மறுபக்கத்தை அங்க அச்சடிங்க. நம்ம பக்கம் இருக்கற கருந்திட்டுங்க, அந்த எரிமலைக் குழம்பு சமவெளிங்க, நம்ம பக்கத்துல சுமார் 31 சதவீதம், மறுபக்கத்துல சுமார் 2 சதவீதம்தான், அது பூரா பள்ளம் மேல பள்ளம், முகமே வேற. 1959 அக்டோபர்ல லூனா 3ங்கற சோவியத் விண்கலம் படம் அனுப்பற வரைக்கும் மனுஷன் யாரும் அதைப் பார்த்ததே கிடையாது. பக்கத்தை வெளிச்சத்துல தூக்கி பிடிச்சா உள்ள ஏதோ இருக்குன்னு நிழலா தெரியும், தெளிவா பார்க்கணும்னா மடிப்பை வெட்டணும், வெட்டினா புத்தகம் பழையபடி ஆகாது. வெட்டலாமா வேண்டாமான்னு நீங்க எங்கயும் எழுதாதீங்க, வாங்கினவங்க முடிவு பண்ணட்டும். தைச்ச ஓரம் கிழியாம இருக்க நூலை ரொம்ப இறுக்காதீங்க, மெழுகு தடவின லினன் நூல், துளைக்கும் ஓரத்துக்கும் நடுவுல குறைஞ்சது 8 மி.மீ. விடுங்க.

இந்த எல்லாத்தையும் ஒரே புத்தகத்துல திணிக்க வேண்டாம். ஒண்ணு எடுங்க, எம்பாஸிங்னா எம்பாஸிங் மட்டும், தூரம்னா தூரம் மட்டும், அதை முழுசா செய்ங்க, வார்த்தையை முடிஞ்ச வரைக்கும் குறைங்க. குறிப்புப் பக்கத்துல காகிதம் என்ன, மை என்ன, எத்தனை பிரதி, தைச்சு முடிச்ச அன்னைக்கு நிலாவுக்கு எத்தனையாவது நாள்னு பென்சில்ல எழுதி வைங்க. பின்னாடி மேஜையில மாதிரிங்க வெச்சிருக்கேன், கையைத் துடைச்சுட்டு எடுத்துப் பாருங்க, வெள்ளையா இருக்கறதுக்கு பக்கத்துல ஒரு சின்ன விளக்கும் இருக்கு, அதை நகர்த்தி பாருங்க. மடிப்புப் பை புத்தகத்துல மூணு பிரதி இருக்கு, ஒண்ணை நான் வெட்டியாச்சு, மத்த ரெண்டையும் வெட்டாம வெளிச்சத்துல மட்டும் பிடிச்சுப் பாருங்க. இப்ப கேள்வி கேக்கறவங்க கேளுங்க.